சின்ன ஹோவர்கிராஃப்ட்: எஞ்சினும் ஸ்கர்ட்டும், சில வருடங்கள் ஓட்டிய பிறகு

காற்று மெத்தையில் மிதந்து தரைமேலும் தண்ணீர்மேலும் ஓடும் ஹோவர்கிராஃப்டை ஷெட்டில் கட்ட நினைக்கும் எல்லோரும் முதலில் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். எடையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். இங்கிலாந்தின் தென்கரையில், சொலன்ட் நீரிணைப் பக்கம் நான் ஓட்டும் வண்டி 3.2 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். இரண்டு பேர் ஏறினால் மொத்தம் 320 கிலோ. அதைத் தாங்கும் காற்று மெத்தையின் அழுத்தம் 600 பாஸ்கலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஃபேன் நன்றாக இருந்தால் மிதப்பதற்கு ஐந்தாறு குதிரைத்திறனே போதும்.

எஞ்சினுக்கு உண்மையான சோதனை தண்ணீரில் கிளம்பும்போது வருகிறது. நின்ற இடத்தில் வண்டிக்குக் கீழே நீர் ஆறு சென்டிமீட்டர் குழிகிறது. மெதுவாக நகர்ந்தால் அந்தக் குழியும் கூடவே வரும், முன்னால் ஓர் அலை எழும்பும். இந்த அளவு வண்டிக்கு மணிக்கு 11 கிலோமீட்டர் வாக்கில் அந்த அலையை ஏறித் தாண்ட வேண்டும். ‘ஹம்ப்’ என்பது இதைத்தான். ஆழம் குறைந்த நீரில் அது இன்னும் முரண்டு பிடிக்கும். தாண்டிவிட்டால் பாதி த்ராட்டிலே போதும். தனியாகப் போகும்போது எளிதாகத் தாண்டும் வண்டி, பின்னால் ஒருவர் உட்கார்ந்ததும் திணறும். எஞ்சினை அந்த நாளுக்காகத் தேர்ந்தெடுங்கள்.

நான் போட்டிருப்பது 35 குதிரைத்திறன் வேன்கார்ட் வி-ட்வின், ஃபோர் ஸ்ட்ரோக். நண்பர் வண்டியில் ரோடாக்ஸ் 503, டூ ஸ்ட்ரோக். அவருடையது எடை குறைவு, திறன் 50 பக்கம், ஹம்ப்பை அநாயாசமாகத் தாண்டுகிறது. ஆனால் அந்த எஞ்சின் இப்போது தயாரிப்பிலேயே இல்லை. பெட்ரோலும் அதிகம் குடிக்கும், சத்தமும் கூடுதல். நிதானமாகக் கரையோரம் சுற்ற விரும்புபவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கையே சொல்வேன். எதுவானாலும் எஞ்சின் சுழற்சியைக் குறைத்து ஃபேனுக்குக் கொடுக்கும் பெல்ட் ரிடக்‌ஷனுக்குச் செலவு செய்யுங்கள். பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றினால் உந்துவிசையும் கிடைக்கும், கரையில் வீடு வைத்திருப்பவர்களும் நம்மைச் சகித்துக்கொள்வார்கள்.

என்னுடையது ஒரே ஃபேன், அதன் காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கீழே மெத்தைக்குப் போகிறது, மீதி வண்டியைத் தள்ளுகிறது. த்ராட்டிலை விட்டால் மிதப்பும் போய்விடும். இதற்குப் பழகத்தான் வேண்டும். மிதப்புக்குத் தனி எஞ்சின் வைத்தால் நின்ற இடத்திலேயே மிதக்கலாம், ஆனால் எடையும் பராமரிப்பும் கூடும்.

அப்புறம் ஸ்கர்ட், அதாவது காற்று மெத்தையை அடைத்து வைக்க வண்டியின் விளிம்பைச் சுற்றித் தொங்கும் துணி. 1959இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த எஸ்.ஆர்.என்.1 என்ற ஆரம்பகால ஹோவர்கிராஃப்டுக்கு ஸ்கர்ட்டே கிடையாது. இன்று அது இல்லாமல் யாரும் கட்டுவதில்லை. காற்று நிரம்பிய ஒரே நீளப் பையாக வண்டியைச் சுற்றி வரும் பை ஸ்கர்ட் தைப்பது எளிது, பக்கவாட்டில் சாய்வதும் குறைவு. ஆனால் சிப்பி கீறி நீளமாகக் கிழிந்தால் அன்றைய ஓட்டம் அதோடு சரி. நான் நியோபிரீன் பூசிய நைலானில், தனித்தனித் துண்டுகளாலான செக்மென்ட் ஸ்கர்ட் தைத்தேன். அறுபதுக்கு மேல் துண்டுகள், குளிர்காலம் முழுக்கத் தையல் வேலை. ஒன்று கிழிந்தால் பக்கத்துத் துண்டுகள் உப்பி அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், கரை வந்து சேரலாம். ஒவ்வொரு துண்டின் அடிப்பக்கத்தையும் கேபிள் டையால் கட்டியிருக்கிறேன். எங்காவது மாட்டினால் துணி கிழிவதற்கு முன்னால் டை அறுந்துவிடும். பின்பக்கத் துண்டுகள்தான் சரளைக் கரையில் முதலில் தேயும். தைக்கும்போதே அவற்றில் சில உபரியாகத் தைத்து, கேபிள் டை கட்டோடு சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.