ஊருக்கு வந்த இடத்தில் சர்க்கரை: மருந்துக்கடையும் ஆய்வகமும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த இடத்தில் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டால், மருந்தின் பெயரோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: மில்லிக்கு எத்தனை யூனிட்? குப்பியில் வரும் இன்சுலின் சில நாடுகளில் 40 யூனிட், பல நாடுகளில் 100. ஊசியும் அதற்கேற்பத்தான், 40-க்கு வழக்கமாகச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. கையோடு கொண்டுவந்த 100 யூனிட் மருந்தை, ஊரில் வாங்கிய 40 யூனிட் ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்தாகக்கூடிய அளவு அது. தலைகீழாக, 40 யூனிட் மருந்தை 100 யூனிட் ஊசியில் இழுத்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் ஏறும். சர்க்கரை எகிறும், பழி சாப்பாட்டின் மேல் விழும். மருந்துக்கடைகளில் கேட்டதைச் சட்டென எடுத்துத் தருகிறார்கள், ஆனால் குப்பிக்கும் ஊசிக்கும் பொருத்தம் பார்த்துத் தருவது அரிது. இரண்டையும் கல்லாவில் வைத்து நீங்களே எண்ணைப் பாருங்கள்.

மாத்திரையில் வேறொரு சிக்கல். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதிய தாள் கையில் இல்லையென்றால், மெட்ஃபார்மின் கேட்டவருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் கலந்த மாத்திரை வந்துவிடலாம். ஏற்கெனவே கிளிமிபிரைடு தனியாக எடுப்பவருக்கு அது இரட்டை மருந்து. கிளிமிபிரைடு சாப்பாட்டுக்குக் காத்திருக்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். உறவினர் வீட்டில் பேச்சு நீண்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கி வியர்ப்பது அதனால்தான். ரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம்.

ஆய்வகச் சேவை பாராட்டத்தக்கது. காலையில் ரத்தம் கொடுத்தால் அன்றே கைப்பேசிக்கு அறிக்கை வந்துவிடுகிறது. விளக்கம்தான் வருவதில்லை. வெளிநாட்டில் சர்க்கரையை மில்லிமோல் அலகில் 7.8 என்று பார்த்துப் பழகியவர், ஊரில் மில்லிகிராம் அலகில் 140 என்றதும் பதறுகிறார். 7.8-ஐ 18-ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றே. சாப்பிட்ட பின் பார்க்கும் 2 மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. மூன்று மாதச் சராசரி எனப்படும் ஹெச்பிஏ1சி-க்கு வெறும் வயிறு தேவையில்லை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது கூடுதலாகக் காட்டலாம். வந்திறங்கிய வாரத்தில் எடுக்கும் அந்த எண் வெளிநாட்டு வாழ்க்கையின் கணக்கு. ஊரில் தள்ளிப்போன தூக்கமும் நின்றுபோன நடையும் என்ன செய்கின்றன என்பதைக் குளுக்கோமீட்டர்தான் சொல்லும். விரலைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். பழம் தொட்ட விரல் பொய்யான எண்ணைக் காட்டும். குளுக்கோமீட்டரில் செருகும் சோதனைப் பட்டைகள் இருக்கும் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் அவை கெட்டுவிடும்.

மருத்துவரிடம் போனால் அறிக்கையை நீட்டுவதோடு நிற்காமல், செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கிறதா என்று, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பதற்கு ஓரிரு நிமிடம் போதும்; கேட்டால்தான் செய்கிறார்கள். வெறுங்காலோடு நடக்கும் ஊர் நாட்களில் அந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம்.

திரும்பும்போது இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கறைக் குளிரில் உறைந்துபோய் மறுபடி உருகிய இன்சுலின் பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கலாம், ஆனால் அதை நம்பிப் போட முடியாது. கிழக்கே பறந்தால் நாள் சுருங்கும், மேற்கே பறந்தால் நீளும். நீண்டநேர இன்சுலினை அந்த ஒரு நாள் எத்தனை மணிக்கு, எவ்வளவு போடுவது என்பதை டிக்கெட்டைக் காட்டி மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.