வார்டு போஸ்டிங்குக்கு என்ன எடுத்துட்டு போறது? வாட்ச், ஸ்டெத், ஷூன்னு ஒண்ணொண்ணா ஒப்பிட்டு பார்க்கலாம்

பிஎஸ்சி நர்சிங்கோ ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோவோ, முதல் போஸ்டிங்குக்கு, அதாவது ஆஸ்பத்திரி வார்டுல பயிற்சிக்கு போறதுக்கு முன்னாடி காலேஜ்ல பாக்கெட் ஆர்ட்டிகிள்ஸ்னு ஒரு லிஸ்ட் குடுத்துடுவாங்க. வாட்ச், கத்திரி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்ங்கற பூட்டு வச்ச இடுக்கி, டார்ச், இன்ச் டேப், தெர்மாமீட்டர், பேனா, குட்டி நோட்டு. லிஸ்ட்ல தப்பே இல்ல, ஆனா கடைக்கு போனா ஒவ்வொண்ணுலயும் நாலு வகை இருக்கும், எந்த வகை நல்லதுன்னு லிஸ்ட்ல எழுதி இருக்காது. கடைக்காரர் காட்டுறத வாங்கிட்டு வந்துடுறாங்க, ரெண்டாவது வாரமே அது பேக்லயே தூங்குது.

நான் ஸ்டூடண்ட்ஸோட வார்டுல நிக்கிறவ. எந்தப் பொருளா இருந்தாலும் ரெண்டு கேள்விதான் கேப்பேன். ஸ்பிரிட் பஞ்சு வச்சு துடைக்க முடியுமா? பேஷண்ட விட்டு நகராம ஒத்தக் கையால எடுக்க முடியுமா? ரெண்டுக்கும் ஆமான்னா வாங்குங்க. அப்புறம் காசு விஷயத்துல என் கணக்கு இதுதான், முதல்ல காலுக்கு, அப்புறம் வாட்சுக்கு, கடைசியா ஸ்டெத்துக்கு. நிறைய வீட்டுல இது தலைகீழா நடக்குது, அப்பா கடன் வாங்கி லிட்மேன் கம்பெனி ஸ்டெத் வாங்கி குடுத்திருப்பாரு, பிள்ளை அறுந்துபோன கேன்வாஸ் ஷூவுல ஆறு மணி நேரம் நிக்கும். பார்க்கவே கஷ்டமா இருக்கும்.

வாட்ச்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இதுலதான் அதிகமா ஏமாறுறாங்க. கை வாட்ச், சட்டையில குத்திக்கிற ஃபாப் வாட்ச், ஸ்மார்ட் வாட்ச், போன்னு நாலு வழி இருக்கு. போன மொதல்லயே விட்டுடலாம், முக்காவாசி காலேஜ்ல வார்டுக்குள்ள விட மாட்டாங்க, விட்டாலும் தொட்ட கையோட அதை எடுத்து திரும்ப பாக்கெட்ல போடறது சரியில்ல. ஸ்மார்ட் வாட்ச்ல நிறைய மாடல்ல கைய அசைக்காம வச்சிருந்தா திரை அணைஞ்சு போயிடும், பல்ஸ் எண்ணும்போது கைய அசைக்காமதானே வச்சிருக்கணும். மிச்சம் ரெண்டுதான். கை வாட்ச்ல ஒரு வசதி இருக்கு, பேஷண்ட் கைய அவங்க நெஞ்சு மேல வச்சு பல்ஸ் பிடிச்சுகிட்டே நம்ம இடது கைய பக்கத்துல கொண்டுபோனா முள்ளும் தெரியும், நெஞ்சு ஏறி இறங்குறதும் தெரியும், மூச்சு எண்ணுறோம்னு அவங்களுக்கு தெரியாமலே எண்ணிடலாம். ஆனா கை கழுவும்போது மணிக்கட்டு வரைக்கும் தேய்க்க விடாது. இங்கிலாந்துல என்எச்எஸ்ங்கற அரசு மருத்துவ சேவை ஆஸ்பத்திரிகள்ல 2007லயே முழங்கைக்கு கீழ வாட்ச், வளையல் எதுவும் கூடாதுன்னு கொண்டுவந்ததுக்கு இதுதான் காரணம். ஃபாப் வாட்ச் தலைகீழா தொங்கும், குனிஞ்சு பார்த்தா நமக்கு நேரா தெரியும், கை ஃப்ரீ. என் ஓட்டு ஃபாப்புக்குத்தான். காலேஜ்ல கை வாட்ச்தான் வேணும்னு சொன்னா சிலிக்கான் பட்டை போட்டது வாங்குங்க, தோல் பட்டையும் துணிப் பட்டையும் வேண்டாம், துடைக்க முடியாது, டிரெஸ்ஸிங்குக்கு முன்னாடி கழட்டி பாக்கெட்ல போட்டுடுங்க.

எந்த வாட்சா இருந்தாலும் செகண்ட் முள்ளு இருக்கணும், அது பளிச்சுன்னு தெரியணும். குழந்தைங்க வார்டுக்கு போனா ஏன்னு புரியும். ரெண்டு மாசத்துக்கு கீழ இருக்கிற குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60ம் அதுக்கு மேலயும் மூச்சு இருந்தா வேகமான மூச்சு, ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. நிமோனியாவான்னு பிரிச்சு பார்க்கிறதே இந்த எண்ணை வச்சுத்தான். அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கினா ரெண்டு மூணு மூச்சு முன்ன பின்ன ஆகி 48ன்னு எழுதிடுவோம், நிஜத்துல அது 51ஆ இருக்கும். அதனால முழு 60 செகண்டும் எண்ணணும், அதுக்கு முள்ளு தெரியணும்.

அடுத்தது ஸ்டெத். சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிற, ரெண்டு பக்கமும் வச்சு கேக்கக்கூடிய தலை உள்ள டூயல் ஹெட் ஒரு பக்கம், ஆயிரக்கணக்குல போற லிட்மேன் கிளாசிக் ஒரு பக்கம். லிட்மேன்ல சத்தம் நல்லா கேக்கும், அது உண்மைதான், அழுத்தத்தை மாத்தினா தோல் மேல வைக்கிற ஒரே தகட்டுல, அதாவது டயாஃப்ரம்ல, மெல்லிய சத்தமும் கனமான சத்தமும் ரெண்டும் பிடிக்கலாம். ஆனா முதல் ரெண்டு வருஷம் நாம ஸ்டெத் வச்சு என்ன கேக்குறோம்? பிபி, நெஞ்சுல இதயத் துடிப்பு கேக்குற அப்பெக்ஸ் பல்ஸ், மூச்சு சத்தம், வயித்து சத்தம். இதுக்கு சாதா டூயல் ஹெட்டே போதும். சாதாவுல எனக்கு பிடிக்காதது காதுல வைக்கிற முனைதான், கெட்டி பிளாஸ்டிக்கா இருந்தா காது வலிக்கும், சத்தமும் வெளிய கசியும், அத மட்டும் மெத்து சிலிக்கான் முனையா மாத்திக்கோங்க, அத காதுல மாட்டும்போது முனை மூக்குப் பக்கம் பார்த்து இருக்கணும், இத சரியா மாட்டினாலே பாதி பேருக்கு சத்தம் கேட்டுடும். ஐசியு, கார்டியாக் பக்கம்தான் போகப்போறோம்னு ஃபைனல் இயர்ல முடிவு பண்ணினா அப்ப லிட்மேன் வாங்கலாம். எதுவா இருந்தாலும் ஒரு பேஷண்ட்ல இருந்து அடுத்த பேஷண்டுக்கு போறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்ல துடைங்க, கழுத்துல நேரா தோல் மேல போட்டா வியர்வை எண்ணெய் பட்டு டியூப் கெட்டியாகும், காலர் மேல போடுங்க.

பிபி அபாரட்டஸ் சொந்தமா வேணுமான்னு கேட்டா, ஆளுக்கு ஒண்ணு வேண்டாம். நாலு பேர் சேர்ந்து, பாதரசம் இல்லாம முள்ளு டயல் வச்ச அனிராய்டு ஒண்ணு வாங்கினா போதும். மெர்க்குரி வாங்கவே வாங்காதீங்க, பாதரசத்தை குறைக்கிறதுக்கான உலக ஒப்பந்தமான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018ல ஏத்துகிட்டாச்சு, பாதரசத்தை ஒழிக்கணும்னுதான் எல்லாரும் போயிட்டு இருக்காங்க, வார்டுல பழசு இருந்தா அதுல பார்க்க கத்துக்கோங்க, அது போதும். டிஜிட்டல் சுலபம்தான், ஆனா ஸ்டூடண்டுக்கு அது வேண்டாம்னு அடிச்சு சொல்றேன். நாடி ஒழுங்கில்லாம துடிக்கிறவங்களுக்கு டிஜிட்டல்ல வர்ற நம்பரை நம்ப முடியாது. அதோட மணிக்கட்டுல விரல் வச்சு நாடி எப்ப மறையுதுன்னு பார்த்து, அதுக்கு மேல இன்னும் 30 ஏத்தி, செகண்டுக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டரா இறக்கி சத்தம் கேக்குறதுங்கறது கையால பழகினாத்தான் வரும், பிராக்டிகல்ல எக்சாமினர் கேக்குறதும் இதைத்தான். கையில சுத்துற பட்டையான கஃப் சைஸையும் பாருங்க, தடிமனான கைக்கு சின்ன கஃப் சுத்தினா பிபி நிஜத்தை விட ஏறித்தான் காட்டும்.

தெர்மாமீட்டர்ல பேச்சே இல்ல, டிஜிட்டல்தான். கண்ணாடி கீழ விழுந்தா பாதரசம் உருண்டு ஓடும், துடைப்பத்தால பெருக்கினா இன்னும் சிதறும்.

டார்ச் பாப்பாவைப் பார்க்கத்தான், அதாவது கண்ணு பாப்பாவை. போன் டார்ச் வெளிச்சம் ரொம்ப பரவும். பேனா டார்ச்ல பாப்பா அளவு கோடு போட்டது வாங்கினா 3 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரான்னு பக்கத்துல வச்சே சொல்லிடலாம்.

கத்திரியில ரெண்டு வகை. சாதா கூர்முனை, லிஸ்டர் பேண்டேஜ் கத்திரி. லிஸ்டர்தான் வாங்கணும், கீழ் முனை மழுங்கி இருக்கும், கட்டுக்கு அடியில விட்டு வெட்டினா தோல்ல குத்தாது. ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல போட்டிருக்கிற குழாயான கேனுலா பக்கத்துல மட்டும் எந்த கத்திரியும் வேண்டாம், பிளாஸ்டர கையாலயே உரிச்சு எடுங்க. பாக்கெட்ல இருக்கிற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் கிருமி நீக்கினது கிடையாது, காயத்துல வைக்கவே கூடாது.

நோட்டுன்னு வந்தா மேல சுருள் போட்ட குட்டி நோட்டா, மடிச்ச ஏ4 பேப்பரா? ஏ4ல எல்லா பெட்டும் ஒரே பார்வையில தெரியும், அது நல்லதுதான், ஆனா ட்யூட்டி முடிஞ்சு அது பஸ் சீட்டுல கிடக்கும், ஒரு குடும்பத்தோட விஷயம் ஊருக்கே தெரியும். நோட்டுதான் என் சாய்ஸ், அதுலயும் பேர் எழுதாம பெட் நம்பர் மட்டும் எழுதுங்க. மருந்து குடுக்கும்போது மட்டும் பெட் நம்பரை நம்பாதீங்க, பேரையும், அட்மிட் ஆகும்போது குடுக்கிற ஐபி நம்பரையும் கேஸ் ஷீட்டோட ஒத்து பார்த்தாத்தான் குடுக்கணும், பெட் மாறிப்போறது தினமும் நடக்கிறதுதான். நோட்டோட கடைசி பக்கத்துல ட்ரிப்ஸ் கணக்கு எழுதி வைங்க. 500 எம்எல் 8 மணி நேரத்துக்குன்னா, ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டு விழுற செட்டுல நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 21 சொட்டு, 60 சொட்டு மைக்ரோ செட்டுல 62, 63. செட் கவர்ல சொட்டு அளவு போட்டிருக்கும், அத பார்த்துட்டு போடுங்க.

பேனாவுல ஜெல் வேண்டாம், கையில சானிடைசர் ஈரம் பட்டா கேஸ் ஷீட்ல இழுகிடும். பால் பாயிண்ட்ல நீலம், கறுப்பு, சிவப்பு தனித்தனியா வைங்க. நாலு கலர் ஒரே பேனாவுல இருக்கிறது அழகுதான், யாராவது டாக்டர் கையெழுத்து போட வாங்கிட்டு போனா நாலும் போச்சு.

கை சுத்தத்துக்கு சானிடைசரா சோப்பா? ரெண்டும் வேணும். ஹேண்ட் ரப் 20 முதல் 30 செகண்ட், சோப்பு தண்ணி 40 முதல் 60 செகண்ட்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கையில ரத்தமோ மலமோ கண்ணுக்கு தெரிஞ்சா சோப்புதான், கழிச்சல் கேஸ் பார்த்துட்டு வந்தாலும் சோப்புதான், சில கிருமி தன்னைக் காத்துக்க உருவாக்குற கெட்டி ஓட்டு வித்தை, அதாவது ஸ்போர, ஆல்கஹால் கொல்லாது. சிங்க்ல சோப்பு இல்லாத வார்டு நிறைய பார்த்திருக்கேன், அதுக்குத்தான் பேப்பர் சோப்பு. தீப்பெட்டி அளவுதான், பாக்கெட்ல இருக்கிறதே தெரியாது.

மாஸ்க்ல சர்ஜிக்கல் தினப்படிக்கு போதும். டிபி வார்டு போஸ்டிங்னா என்95, அதுவும் முகத்தோட இடைவெளி இல்லாம உக்காரணும். சர்ஜிக்கல் மாஸ்க் டிபி பேஷண்ட் போட்டுக்க நல்லது, நம்மள அது காப்பாத்தாது.

இப்ப ஷூ. கேன்வாஸ், ஓட்டை போட்ட கிளாக்ஸ், மூடின தோல் ஷூ இல்லன்னா பியூங்கற செயற்கைத் தோல் ஷூ. கேன்வாஸ் லேசா இருக்கும், விலை கம்மி, ஆனா சிந்தினது எல்லாம் உள்ள ஊறும். கிளாக்ஸ் காலுக்கு சுகம், ஆனா ஊசி விழுந்தா ஓட்டை வழியா நேரா காலுல. மூடின ஷூதான், சறுக்காத அடிப்பாகம், துடைச்சா போயிடணும். சாயங்காலமா போய் வாங்குங்க, நின்னு நின்னு கால் வீங்கின நேரத்து அளவுதான் நமக்கு வேணும். காட்டன் சாக்ஸ் ஒரு ஜோடி கூடுதலா பேக்ல இருக்கட்டும். பேக்ல அதோட நாப்கினும், ஒரு செட் யூனிஃபார்மும்.

சாப்பாட்டுக்கு புளிசாதம், தயிர்சாதம் ரெண்டுல காலை ட்யூட்டிக்கு புளிசாதம்தான், வெயில் காலத்துல மத்தியானம் வரைக்கும் தாங்கும். பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுடுங்க, வெறும் வயித்தோட ஆபரேஷன் தியேட்டர்ல நின்னு மயங்கி விழுற பிள்ளைங்க நிறைய.

கடைசியா, காசே இல்லாத ஒண்ணு. ஊசி குத்திட்டா யார கூப்பிடணும்ங்கற நம்பரை போன்ல வைக்கிறதா, பேப்பர்ல வைக்கிறதா? போன் ஹாஸ்டல்ல இருக்கும், அதனால பேப்பர்தான். ஐடி கார்டுக்கு பின்னாடி ட்யூட்டர் நம்பர், வார்டு இன்சார்ஜ் நம்பர், கேஷுவாலிட்டி நம்பர், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போட்ட தேதி எல்லாம் எழுதி சொருகுங்க. குத்தினா பிதுக்காதீங்க, வாயில வைக்காதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு உடனே சொல்லுங்க. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைன்னா முடிஞ்சவரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 72 மணி நேரம் தாண்டிட்டா பலன் இல்ல. சிஸ்டர் திட்டுவாங்கன்னு மறைச்சு வைக்கிற பிள்ளைங்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்றேன். கார்டுல முதல் நம்பரா, திட்டாம ஓடி வர்ற ஆளோட நம்பரை எழுதுங்க.