பின்முற்றத்துச் சீடர் மர நாற்காலி: எண்ணெயா, வார்னிஷா, சும்மா விடலாமா?

கனடாவில் வெயில் காலம் நெருங்கும்போது, பின்முற்றத்துக்கு ஒரு மஸ்கோக்கா நாற்காலியை (சாய்ந்த முதுகும் அகலமான கைகளும் உள்ள மர நாற்காலி) நாமே செய்தால் என்ன என்று பலருக்கும் ஆசை வரும். அமெரிக்காவில் அடிரொண்டாக் நாற்காலி என்பதும் இதுதான். இதற்கு வெஸ்டர்ன் ரெட் சீடர் (western red cedar) என்ற மரத்தின் பலகை நல்ல தேர்வு. எடை குறைவு, சாதாரணக் கைரம்பத்துக்கே வெட்டுப்படும். அறுக்கும்போது மட்டும் முகமூடி அவசியம். இந்த மரத்தூள் சிலருக்கு ஆஸ்துமாவையே வரவழைத்துவிடும். வேலை முடிந்த பிறகுதான் குழப்பம்: மேலே என்ன பூசுவது?

எதுவுமே பூசாமல் விடுவதும் நல்ல வழிதான். சீடரின் வைரப் பகுதியில், அதாவது மரத்தின் உள்பகுதியில், பூஞ்சையை எதிர்க்கும் பொருள்கள் இயற்கையாகவே இருப்பதால் அது சீக்கிரம் உளுத்துப்போகாது. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதிக்கு அந்தத் தெம்பு கிடையாது, அதனால் பலகை வாங்கும்போதே அதை ஒதுக்கிவிடுங்கள். வெயில் பட்டுப் பட்டு மேற்பரப்பு சாம்பல் நிறமாகும். நல்ல வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் அது அழகாகவே இருக்கும். மர நிழலில், ஈரம் காயாத மூலையில் போட்டால் கருந்திட்டுகள் படரும்.

வார்னிஷ் பூசிய சீடரின் செம்பழுப்பு நிறத்துக்கு முதல் நாளில் ஈடே இல்லை. ஆனால் தெளிந்த வார்னிஷைத் தாண்டிப் புற ஊதாக் கதிர் உள்ளே போகும். படலத்துக்கு அடியில் இருக்கும் மரம் சிதையச் சிதைய, படலம் பிடிப்பை இழக்கும். மழையில் மரம் உப்பி, வெயிலில் சுருங்கும்போது விரிசல் விடும். சீடர் மென்மையான மரம் என்பதால் ஒரு சின்ன அடி பட்டாலும் குழி விழுந்து அந்த இடத்தில் படலம் உடையும். அங்கே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் தங்கி, செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். அப்புறம் அத்தனை சட்டங்களின் இடுக்கிலும் உப்புத்தாளை நுழைத்துப் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும். வெளிப்புறத்துக்கென்றே வரும், புற ஊதாத் தடுப்பு சேர்த்த ஸ்பார் வார்னிஷ் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். கூரை உள்ள தாழ்வாரத்தில் கிடக்கும் நாற்காலி என்றால் வார்னிஷ் சரி. மழையில் நிற்பதற்கு வேண்டாம்.

திறந்த வெளிக்கு என் தேர்வு எண்ணெய். அது மரத்துக்குள் ஊறிப்போகும், மேலே படலம் கட்டாது. படலம் இல்லாததால் உரியவும் எதுவும் இல்லை, நிறம்தான் மங்கும். ஓரிரு வருடங்களுக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மறுபடியும் பூசினால் போதும். வெறும் ஆளி விதை எண்ணெயை வாங்காதீர்கள். அது காயவே பல நாள் எடுக்கும், வெளியில் பூஞ்சைக்கும் இரையாகும். வெளிப்புற மரத்துக்கென்றே வரும், கொஞ்சம் நிறமி கலந்த எண்ணெயாகப் பாருங்கள். அந்த நிறமிதான் வெயிலைத் தடுக்கிறது. கண்ணாடிபோல் இழைக்கவும் வேண்டாம். 80 அல்லது 100 எண் உப்புத்தாளோடு நிறுத்தினால் சொரசொரப்பில் எண்ணெய் நன்றாக இறங்கும். நாற்காலிக் கால்களின் அடிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சும் வெட்டு முனை என்பதால், அது குடிக்கிற மட்டும் எண்ணெய் கொடுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்பு, ஈரம் பட்டதும் சீடரில் இயற்கையாக உள்ள டானின் என்ற பொருளோடு சேர்ந்து கருநீலக் கறையாக வழியும். அதை எண்ணெயும் மறைக்காது, வார்னிஷும் மறைக்காது.

எண்ணெய் பூசுபவர்கள் இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால், எண்ணெய் உலரும்போது எழும் சூடு உள்ளேயே அடைபட்டுத் தானாகத் தீப்பற்றக்கூடும். வெளியே தரையில் ஒவ்வொரு துணியாக விரித்து, விறைப்பாகக் காய்ந்த பிறகே எறியுங்கள்.