கரோட்டிட் ஸ்கேனில் கால்சியம் நிழல்: எந்த வழி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கழுத்திலுள்ள கரோட்டிட் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்க்கும்போது, அதன் முன்சுவரில் கால்சியம் படிந்த பிளேக் (கொழுப்புப் படிவு) இருந்தால், கால்சியம் ஒலியைத் தடுப்பதால் அதற்குக் கீழே படம் நிழல்போலக் கருத்துவிடும். அடைப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

முதலில் கை போவது கெயினுக்கு (திரும்பும் எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அமைப்பு). இருப்பதிலேயே பலன் குறைந்த வழி அது. எதிரொலி மங்கலாகவாவது திரும்பியிருந்தால் கெயினையோ, ஆழத்துக்கேற்ப அதைக் கூட்டும் டிஜிசியையோ ஏற்றலாம். அது கருவியின் இரைச்சலுக்கும் கீழே போய்விட்டால், ஏறுவது இரைச்சல் மட்டுமே. அந்தச் சாம்பல் புள்ளிகள் மென்மையான பிளேக் போலவே தெரியும், ஏமாந்துவிடக் கூடாது.

அதிர்வெண்ணைக் குறைப்பது இதைவிட மேல். எலும்புக்குத் தோராயமாகச் சொல்லப்படும் 20 டெசிபல்/செ.மீ./மெகாஹெர்ட்ஸ் என்ற ஒலி இழப்பு அளவைக் கால்சியத்துக்கும் வைத்துக்கொள்வோம். 1 மி.மீ. தடிமனுக்கு, போக வர, 7 மெகாஹெர்ட்ஸில் 28 டெசிபல் இழப்பு. 4 மெகாஹெர்ட்ஸில் 16. மெல்லிய படிவுக்கு இந்த 12 டெசிபல் போதலாம். ஆனால் நுணுக்கம் குறையும். பரப்பிலேயே எதிரொலித்துத் திரும்பிவிடும் ஒலியையும் இது மீட்காது.

பல கோணங்களில் ஒலியை அனுப்பிச் சேர்க்கும் ஸ்பேஷியல் காம்பவுண்டிங் (சோனோசிடி, கிராஸ்எக்ஸ்பீம் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர்) சின்னப் படிவுக்கு நன்றாக வேலை செய்யும். 4 மி.மீ. நீளப் படிவு, இருபுறமும் 15 பாகை சாய்வு என்றால் முழு இருட்டு சுமார் 7.5 மி.மீ. ஆழமுள்ள முக்கோணமாகச் சுருங்கும். படிவு 10 மி.மீ. ஆனால் அந்த ஆழம் கிட்டத்தட்ட 19 மி.மீ.; குழாய் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பித்தப்பைக் கல் தேடும்போது இதே வசதியை அணைத்துவிடுங்கள். அங்கே நிழல்தான் கல்லுக்குச் சாட்சி.

எங்கள் கணிப்பில் எல்லாவற்றையும்விட உதவுவது புரோபை (கழுத்தில் வைத்து ஒலியை அனுப்பும் கருவி) நகர்த்துவதே. தலையை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லி, முன்பக்கம், பக்கவாட்டு, கழுத்துத் தசைக்குப் பின்னால் என்று மூன்று இடங்களிலிருந்தும் குறுக்குவெட்டில் பாருங்கள். முன்சுவர்ப் படிவின் நிழல் பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் வேறு திசையில் விழும், உட்குழி தெரிந்துவிடும். சுற்றுமுழுதும் கால்சியம் படிந்திருந்தால் மட்டும் இது தோற்கும்.

அப்போது ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர். நிழல் 1 செ.மீ.க்குள் இருந்தால், அது முடிந்தவுடனே, ஒலிக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 பாகையைத் தாண்டாமல் அளக்கலாம். அங்கே ஓட்டம் சீராக இருந்தால் பெரிய அடைப்புக்கு வாய்ப்புக் குறைவு. கலங்கிய ஓட்டமோ, மெதுவாக எழும் தாழ்ந்த அலையோ இருந்தால் சந்தேகப்பட வேண்டும். உட்கரோட்டிடில் (மூளைக்குச் செல்லும் கிளை) உச்ச வேகம் 125 செ.மீ./விநாடி எட்டினால் 50 சதவீத அடைப்பு, 230 தாண்டினால் 70 என்ற வழக்கமான வரம்பை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. உச்ச வேகம் நிழலுக்குள்ளேயே இருந்திருக்கலாம்.

மென்பொருளுக்கு வருவோம். இருட்டைக் கற்றறிந்த வடிவங்களால் நிரப்பும் முறை, பொருத்தமாகத் தோன்றும் சுவர் ஒன்றை வரைந்து தரும். அது இந்த நோயாளியின் சுவர் அல்ல. அதை வைத்து அடைப்பை அளப்பது ஆபத்து. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2012-ல் வெளியிட்டது போன்ற நம்பக வரைபடம் வேறு வகை: எந்தப் பகுதியை நம்பக்கூடாது என்று குறித்துக் காட்டும். நாங்கள் ஏற்பது அதைத்தான்.

இத்தனைக்கும் பிறகு தெரியாவிட்டால் நிழலின் நீளத்தையும் பார்க்க முடியாத பகுதியையும் அறிக்கையில் எழுதி சிடி ஆஞ்சியோவுக்கு (ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஸ்கேன்) அனுப்புங்கள். சிடியிலும் கால்சியம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்து அடைப்பை மிகைப்படுத்தும். அடர்ந்த படிவுக்கு கான்ட்ராஸ்ட் எம்ஆர் ஆஞ்சியோ மேல்.