அட்லாண்டாவா, ஏதென்ஸா? கார் இல்லாமல் படிக்க வருபவர்களுக்கு

இரண்டு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எனக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று அட்லாண்டாவின் நடுவில் இருக்கும் ஜார்ஜியா டெக். இன்னொன்று அங்கிருந்து கிழக்கே சுமார் 110 கிலோமீட்டரில், ஏதென்ஸ் ஊரில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகம். இரண்டிலும் புள்ளியியல்தான். நான் டெக்கில் சேர்ந்தேன். ஊரிலிருந்து இந்த வருடமும் நாலைந்து பேர் இதே கேள்வியோடு வந்ததால் எழுதுகிறேன்.

படிப்பில் பெரிய குழப்பம் இல்லை. பொறியியல், கணினி என்றால் டெக். பத்திரிகையியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் என்றால் ஏதென்ஸ். வெயிலும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். வசந்தம் வந்தால் பைன் மரத்து மகரந்தம் மஞ்சள் பொடியாக எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும்.

முடிவு செய்ய வைத்தது கார்தான். வந்த புதிதில் கார் வாங்கினால் விலையோடு போகாது. காப்பீடு, பெட்ரோல், வளாகத்துக்குள் நிறுத்த அனுமதிச் சீட்டு என்று மாதாமாதம் கை கடிக்கும். அட்லாண்டாவில் அந்தச் செலவில்லாமல் இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். வளாகத்தின் வடக்கே ஹோம் பார்க் பகுதியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய வீடு. வகுப்புக்கு நடை. மளிகைக்கு மார்ட்டா என்ற நகர ரயில்: மிட்டவுனில் ஏறி, ஃபைவ் பாயின்ட்ஸில் மாறி, டிகேட்டர் பக்கம் இறங்கி, ஒரு பேருந்து பிடித்தால் படேல் பிளாசா. இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். முதல் தடவை ஒன்பது கிலோ அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பியபோது, எதிரே இருந்த ஒரு பாட்டி அதை எப்படிச் சமைப்பேன் என்று விசாரித்துக்கொண்டே வந்தார். தெரியாதவர்களிடமும் நின்று பேசும் இந்த அமெரிக்கத் தெற்கத்திப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வளாகமும் அப்படித்தான் மனதில் ஒட்டிக்கொண்டது. வகுப்பு முடிந்ததும் ஒரு நீராவிச் சங்கு ஊதும். கோயம்புத்தூரில் மில் சங்கு கேட்டு வளர்ந்த எனக்கு முதல் நாளே தொண்டை அடைத்தது. 1996 ஒலிம்பிக் நீச்சல் போட்டிகள் நடந்த குளத்தில்தான் இன்று மாணவர்கள் நீந்துகிறார்கள். இரவு நூலகம் முடித்து ஐந்தாம் தெருப் பாலத்துக்குப் போவேன். நெடுஞ்சாலைக்கு மேலே புல்வெளியோடு அமைந்த பாலம். கீழே வண்டி வெளிச்சம் ஆறுபோல ஓடும். வீட்டுக்குப் பேசுவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

ஏதென்ஸைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அங்கே தங்கியது மூன்று வார இறுதிகள் மட்டுமே, அதை மனதில் வைத்துப் படியுங்கள். 1785இல் சாசனம் பெற்ற பல்கலைக்கழகம். ஊரே அதைச் சுற்றித்தான். வாடகை குறைவு, என் தோழி நான் கொடுப்பதில் முக்கால் பங்குதான் கொடுக்கிறாள். வாசலில் இரும்பு வளைவு ஒன்று இருக்கிறது. பட்டம் வாங்கும் முன் அதன் அடியில் நடக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். நான் நேராக நடக்கப் போனபோது தோழியின் தங்கை சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "அண்ணா, சுத்தி வாங்க!" அமெரிக்கக் கால்பந்து நாளில் 90 ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும் மைதானம் நிரம்பி, தெருவெல்லாம் சிவப்பும் கறுப்புமாக இருக்கும். அந்தக் கொண்டாட்டம் டெக்கில் இல்லை.

ஊருக்குள் சுற்ற ஏதென்ஸிலும் பேருந்து உண்டு, அதுவும் இலவசம். ஊரைவிட்டு வெளியே போவதுதான் சிக்கல். அட்லாண்டாவுக்குப் பயணிகள் ரயில் இல்லை. விமானம் பிடிக்க முன்பதிவு வேன் அல்லது நண்பரின் தயவு. நேர்காணலுக்கோ கோயிலுக்கோ நினைத்தவுடன் கிளம்ப முடியாது. ஓட்டத் தெரிந்து, கார் வாங்கப் பணமும் இருந்தால் இந்தக் குறை பாதி காணாமல் போகும். குடும்பத்தோடு வருபவர்களுக்கு அமைதியான ஏதென்ஸே பொருந்தலாம்.

எனக்கு அட்லாண்டாதான். போன ஆகஸ்டில் ஊரிலிருந்து வந்த தம்பி ஒருவனை அழைத்துவர இரவு பத்து மணிக்குக் கிளம்பினேன். மிட்டவுனிலிருந்து விமான நிலையம் சுமார் 25 நிமிடம், டிக்கெட் இரண்டரை டாலர். அவனுடைய பெட்டிகளில் ஒன்றை நான் உருட்ட, இன்னொன்றை அவன் உருட்ட, நள்ளிரவுக்குள் வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டோம்.