கொள்கை மாற்ற வேலைக்கு எது கைகொடுக்கும்: லாக்ஃபிரேமா, அவுட்கம் மேப்பிங்கா?

ஒரு சட்டத்தையோ கொள்கையையோ மாற்றக் கிளம்பும் குழுவிடம் நிதி தருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது லாக்ஃபிரேம் என்ற திட்ட அட்டவணையைத்தான். 1969-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டுக்காக உருவானது. குறுக்கே நாலு வரிசை, நெடுக்கே நாலு பத்தி: இலக்கு, அதை அளக்கும் குறியீடு, சான்று, அனுமானம். கிணறு வெட்டுவதற்கும் தடுப்பூசி போடுவதற்கும் அருமையான கருவி, எண்ணிப் பார்த்துவிடலாம். கொள்கை வேலையில் இலக்குக் கட்டத்தில் 'சட்டத் திருத்தம்' என்றும் சான்றுக் கட்டத்தில் 'அரசிதழ்' என்றும் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்போம், மூன்று வருடம் அரசிதழில் ஒரு வரி வராது, கடைசியில் எத்தனை கூட்டம் நடத்தினோம், எத்தனை துண்டறிக்கை அச்சடித்தோம் என்றுதான் அறிக்கை போகும். நாலாவது பத்தி 'அனுமானங்கள்'. அமைச்சர் மாற மாட்டார், தேர்தல் குறுக்கே வராது என்றெல்லாம் அதில் எழுதுகிறோம். ஆனால் கொள்கையின் தலைவிதியே அந்தப் பத்தியில்தானே இருக்கிறது! அதை ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் அட்டவணையை நம்பி எப்படி வேலை செய்வது?

அவுட்கம் மேப்பிங் இன்னொரு திட்டமிடும் முறை, கனடாவின் வளர்ச்சி ஆய்வு அமைப்பான ஐடிஆர்சி 2001-இல் வெளியிட்டது. நாம் நேரடியாகப் பழகும் ஆட்களில் யாருடைய நடத்தை எப்படி மாற வேண்டும் என்று அது கேட்கிறது. ஒவ்வொருவருக்கும் மூன்று படி: கட்டாயம் எதிர்பார்ப்பது, நடந்தால் நல்லது, நடந்தால் மனசு நிறைவது. ஒரு துறை அதிகாரி நாம் கூப்பிட்ட கூட்டத்துக்கு வருகிறார், அது முதல் படி. சில மாதம் கழித்து அவராகவே போன் செய்து 'அந்தப் புள்ளிவிவரத்தை அனுப்புங்கள்' என்கிறார். அப்புறம் வரைவில் நாம் எழுதிக் கொடுத்த பத்தி அப்படியே இருக்கிறது. அந்த போன் வந்த அன்றே தேதி போட்டு நோட்டில் குறித்துவிடுங்கள், வேலை நகர்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கஷ்டமும் உண்டு: நோட்டு எழுதுவது சலிப்பான வேலை, இரண்டு மாதம் விட்டால் போச்சு. அதிகாரி மாற்றலாகிப் போனால் புதியவரோடு முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

அவுட்கம் ஹார்வெஸ்டிங் என்று மூன்றாவதாக ஒரு முறையும் உண்டு, அது பின்னோக்கிப் போவது. என்ன மாறியது என்று முதலில் கண்டுபிடித்து, நம் பங்கு எவ்வளவு என்று பார்த்து, விஷயம் தெரிந்த வெளியாள் ஒருவரிடம் உறுதிசெய்துகொள்வது. திட்டமே இல்லாமல் இறங்கிவிட்டவர்களுக்கு நல்லது. நாளைக்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று மட்டும் அது சொல்லாது.

நான் மேப்பிங்கில் திட்டமிட்டு, வருடத்துக்கு ஒருமுறை ஹார்வெஸ்டிங் செய்யச் சொல்வேன். லாக்ஃபிரேம் கட்டாயம் என்கிறார்களா? சரி, அதன் குறியீட்டுக் கட்டத்தில் அந்த மூன்று படிகளையே எழுதிக் கொடுங்கள்.