உத்யம் பதிவுத் தளம்: தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பரிந்துரை

புத்தக லே-அவுட், மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு இதெல்லாம் என் தொழில். சென்னையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். மேலே முதலாளி கிடையாது, கீழே வேலையாளும் கிடையாது. ஆனால் பெயர்களுக்கு மட்டும் குறைவில்லை. பதிப்பகத்தார் ஃப்ரீலான்சர் என்பார்கள். ராயப்பேட்டை அச்சகங்களில் நான் ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்) கணக்கில் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் ஆள். ஆண்டறிக்கை போடும் கம்பெனியின் படிவத்தில் வெண்டர். ஒரு அறக்கட்டளை எனக்குக் கன்சல்டன்ட் என்று கடிதம் கொடுத்தது.

யார் எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று இருந்துவிட முடியாது. பெயரைப் பொறுத்துக் கைக்கு வரும் பணம் மாறுகிறது. 60,000 ரூபாய்க்கு ஒரு லே-அவுட் பில் போடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் என்று கணக்கில் எழுதுகிற இடத்தில் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) 1 சதவீதம், அதாவது 600 ரூபாய். அதே வேலையைத் தொழில்முறைக் கட்டணம் என்று எழுதுகிற இடத்தில் 10 சதவீதம், 6,000 ரூபாய் போய்விடும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும்தான். ஆனால் அடுத்த மாத வாடகை அதுவரை காத்திருக்காது.

பணம் எப்போது வரும் என்பதுதான் இதைவிடப் பெரிய பிரச்சினை. ஃப்ரீலான்சர் என்ற பெயருக்குச் சட்டத்தில் ஒரு பிடிமானமும் இல்லை. பெயரைச் சொல்ல வேண்டாம், ஒரு நிறுவனம் என் பில்லை அடுத்த நிதியாண்டு வரை இழுத்தடித்தது. கேட்கும்போதெல்லாம் "பார்க்கிறோம் சார்" என்ற ஒரே பதில்தான்.

அப்புறம்தான் உத்யமில் பதிவு செய்தேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அமைச்சகம் 2020 ஜூலை 1 முதல் நடத்தும் தளம் இது. கட்டணம் கிடையாது. எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், ஃபோனுக்கு வரும் ஓடிபி இருந்தால் போதும். நிறுவன வகையில் ப்ரொப்ரைட்டர்ஷிப் (ஒருவரே உரிமையாளர்) என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் சொந்த பான் எண்ணே நிறுவனத்தின் பான் எண் ஆகிவிடும். ஆள் எண்ணிக்கையில் நான் 1 என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். நம்மில் யாரும் அந்த வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் என்ஐசி குறியீடு. உங்கள் தொழில் என்ன என்பதை அரசு தன் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லும் இடம் அது. ஃப்ரீலான்சர் என்றோ கன்சல்டன்ட் என்றோ தேடிப் பயனில்லை, செய்யும் வேலையை வைத்துத்தான் தேட வேண்டும். அச்சுக்கோப்பு, அச்சுக்கு முந்தைய வேலைகள் எல்லாம் 1812-இல், உற்பத்திப் பகுதியில் இருக்கின்றன. டிடிபியும் (கணினியில் பக்கம் அமைப்பது) மெய்ப்புத் திருத்தமும் 8219-இல், ஒளிநகல் எடுக்கும் கடைகளோடு சேர்ந்து சேவைப் பகுதியில் இருக்கின்றன. வடிவமைப்பு 7410. ஒன்றுக்கு மேல் சேர்க்கலாம். நான் 8219-ஐயும் 7410-ஐயும் எடுத்துக்கொண்டேன், என் அன்றாட வேலைக்கு அவைதான் பொருத்தம். முதன்மைச் செயல்பாட்டில் மட்டும் வணிகம் என்று போட்டுவிடாதீர்கள். வணிகர்களுக்குக் கிடைப்பது முன்னுரிமைக் கடன் சலுகை மட்டும்தான். கீழே நான் சொல்லப்போகும் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

அந்தப் பாதுகாப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, வேலையை வாங்கிக்கொண்டவர் எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்திருக்கிறது. இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தந்து முடிக்கும் ஆண்டு வரை அவர்கள் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. கணக்குப் பிரிவுக்குப் புரிகிற மொழி இதுதான். பில்லில் உத்யம் எண் ஏறிய பிறகு, மார்ச் மாதத்தில் அவர்களே கூப்பிட்டு "உங்களுக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று விசாரிக்கிறார்கள்.

அப்படியும் வராவிட்டால் தாமதப் பாக்கிகளுக்காக அதே அமைச்சகம் நடத்தும் இணையத் தளத்தில் புகார் கொடுக்கலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள மண்டலக் குழுக்கள் விசாரிக்கும். பதிவை வேலை தொடங்கும் முன்பே முடித்து வையுங்கள். பழைய பாக்கிக்காகப் பிறகு பதிவு செய்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு வாதாடும்.

உத்யம் வருமான வரியில் உங்கள் வகையை மாற்றாது. சினிமாவுக்கு வசனம் எழுதும் என் நண்பர் அங்கே திரைக் கலைஞர். அதனால் அனுமான வரித் திட்டத்தில் (வரவில் ஒரு குறிப்பிட்ட பங்கை லாபமாகக் காட்டி வரி கட்டும் முறை) அவர் வரவில் பாதியை லாபமாகக் காட்ட வேண்டும். என் வேலை அந்தத் தொழில்முறைப் பட்டியலில் இல்லை. வங்கி வழியாக வரும் பணத்துக்கு 6 சதவீதம் காட்டினால் போதும். இதை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், ஊகத்தில் செய்யாதீர்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. உணவு டெலிவரிக்குப் போகிற தம்பிகளைக் கம்பெனிகள் பார்ட்னர் என்கின்றன. அவர்களும் குறு நிறுவனம் என்று பதிந்துகொண்டால் என்ன கிடைக்கப் போகிறது? யாருக்கும் அவர்கள் பில் போடுவதில்லையே. அவர்கள் போக வேண்டிய இடம் செயலி வழியாக வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு அமைத்திருக்கும் கிக் தொழிலாளர் நலவாரியமும், அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதியும் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளமும். அவர்களுக்குத் தொழிலாளி என்ற பெயர்தான் பலம், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

தளத்தின் குறை என்றால், தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தனியார் பக்கங்கள். அரசுச் சின்னம் போலவே ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பார்கள். முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கவும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். என் பில்லின் அடியில் நான் போடும் வரியைத் தருகிறேன், வேண்டுகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம் (சேவை). 2006 சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி உரிய காலத்துக்குள் தொகையைச் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம்; தாமதத்துக்கு 16-ஆம் பிரிவின்படி வட்டி உண்டு."